அவசரப் பிரிவு டாக்டர் உருவாகும் விதம்

நோயாளியை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் தள்ளுவண்டியில் அனுப்பிவிட்டு வெளியே காத்து நிற்கும் உறவினர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "உள்ளே பார்க்கிறவர் என்ன டாக்டர்?" என்பதே அது. இருதய டாக்டரா, எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா என்று அடுக்குவார்கள். அவற்றுள் எதுவும் இல்லை, அவர் அவசரச் சிகிச்சை டாக்டர் என்று பதில் வந்தால் முகம் சற்றே வாடும். "அப்படியானால் பெரிய டாக்டர் எப்போது வருவார்?" என்று அடுத்த கேள்வி பிறக்கும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இது நியாயமான கேள்வியே. அந்நாளில் 'கேசுவல்ட்டி' என்று வழங்கிய அந்தப் பிரிவில், படிப்பை முடித்து வந்து சில ஆண்டுகளே ஆன இளம் டாக்டர் ஒருவரும், அனுபவம் முதிர்ந்த மருத்துவ உதவியாளர் சிலருமே இருப்பார்கள். எல்லா டாக்டர்களும் அதன் வழியாக நடந்து போனார்கள். அதைத் தமக்குரிய இடமாகக் கொண்டவர் எவரும் இல்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. 'கெசெமாசான்' என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டிய அந்த வாசலுக்கு உள்ளே, அந்த வாசலுக்காகவே தனியாகப் படித்துத் தேர்ந்த வல்லுநர் இருக்கிறார். அவர் படித்தது என்ன, எத்தனை ஆண்டுகள் படித்தார், அவருடைய கல்வி மற்ற டாக்டர்களின் கல்வியிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்பனவற்றை ஜொகூர் மாநிலத்தை முன்னிறுத்தி ஆராய்வோம்.

தோட்டத்து டிரெசர்

நம் மக்களைப் பொறுத்தவரை அவசரச் சிகிச்சையின் வரலாறு ரப்பர்த் தோட்டத்தில் தொடங்குகிறது. லாபிஸ், சிகாமட், குளுவாங், ரெங்கம், கூலாய், உலு திராம் என்று ஜொகூர் முழுவதும் பரந்து கிடந்த தோட்டங்களில் 'டிரெசர்' என்பவரே மக்களுக்கு டாக்டர். பட்டம் பெற்ற டாக்டர் குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாள்களில் பால்வெட்டுக் கத்தி கையைக் கிழித்தாலும், பாலை உறைய வைக்கும் அமிலம் கண்ணில் தெறித்தாலும், நிரையில் பாம்பு கடித்தாலும், நள்ளிரவில் பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் தட்டப்படுவது டிரெசர் வீட்டுக் கதவுதான்.

அந்த டிரெசரிடம் பெரிய கருவிகள் எவையும் இல்லை. அவருடைய திறமையெல்லாம் ஒரே தீர்ப்பில் அடங்கியிருந்தது. எதை இங்கேயே கட்டி அனுப்பலாம், எது காலை வரை பொறுக்கும், எதைத் தோட்டத்து லாரியில் ஏற்றி இப்பொழுதே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்ப்பே அது. நோயின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆபத்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்தத் திறமையைத்தான் பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் ஒரு தனித்துறையாக வகுத்துக் கற்பிக்கத் தொடங்கின என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பட்டம் பெற்ற டாக்டர்களின் கதை வேறு. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்து 1905இல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. நெடுங்காலம் இவ்வட்டாரத்து டாக்டர்கள் அங்கே படித்தார்கள். இல்லையேல் இந்தியாவுக்கோ இங்கிலாந்துக்கோ கப்பல் ஏறினார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 1963இல்தான் உருவாயிற்று. அதன் முதல் தலைவராக அமர்ந்து அதை உருவாக்கியவர் டாக்டர் டி. ஜே. தனராஜ் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஜொகூர் பாருவில் நீரிணையை நோக்கி உயர்ந்து நிற்கும் பெரிய மருத்துவமனையோ 1941இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று சுல்தானா அமினா மருத்துவமனை என்று பெயர் பெற்றிருப்பது அதுவே. ஆக, கட்டடம் வந்தது, கல்லூரியும் வந்தது. ஆனால் கேசுவல்ட்டிக்கென்று ஒரு படிப்பு மட்டும் வரவில்லை.

காரணம் என்ன? மருத்துவக் கல்வி உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக்கொண்டு வளர்ந்தது. இருதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர். ஆனால் வாசலில் வந்து விழும் மனிதன் தன் நோயின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. மயங்கிக் கிடக்கிறான். அது இருதயமா, மூளையா, சர்க்கரையா, நஞ்சா? இந்த விடை தெரிகிற வரையில் அவன் எந்தப் பிரிவுக்கும் உரியவன் அல்லன். எவருக்கும் உரியவன் அல்லாதவனைப் பார்க்கும் வேலை, எல்லாருக்கும் இளையவர் தலையில் விழுந்தது. மிகக் கடினமான நோயாளியை மிகக் குறைந்த அனுபவம் உள்ளவர் முதலில் பார்ப்பது என்ற இந்த விசித்திர ஏற்பாடு, மலாயாவில் மட்டுமன்றி உலகமெங்கும் நடந்துவந்தது.

போர்க்களத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

இந்த ஏற்பாடு தவறு என்பதை முதலில் உணர்த்தியது போர்க்களம். நெப்போலியனின் படையில் பணியாற்றிய டொமினிக் ழான் லாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், 1792இல் காயம்பட்டவர்களைக் களத்திலிருந்து விரைவாகக் கொண்டுவரக் குதிரை வண்டிகளை அமைத்தார். 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று அவற்றுக்குப் பெயர். அதைவிடப் பெரிய புரட்சி அவர் வகுத்த வரிசை. தளபதியா, சாதாரணச் சிப்பாயா என்று பாராமல், யாருடைய காயம் பெரிதோ அவருக்கு முதல் சிகிச்சை என்றார். தரம் பிரித்தல் என்று பொருள்படும் 'திரியாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லே பின்னர் உலகத்து மருத்துவமனைகளிலெல்லாம் நிலைத்தது.

அமைதிக் காலத்து மருத்துவமனைகள் இப்பாடத்தைக் கற்க மேலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மாரிஸ் எல்லிஸ் என்பவர் 1952இல் கேசுவல்ட்டிக்கென்றே முழுநேர மூத்த மருத்துவராக அமர்ந்தார். 1967இல் அந்நாட்டுக் கேசுவல்ட்டி மருத்துவர்கள் சங்கம் அமைத்தபோது அவரே முதல் தலைவர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1961இல் ஜேம்ஸ் மில்ஸ் என்ற டாக்டர், தோழர்கள் மூவருடன் தம் சொந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, அலெக்சாண்டிரியா நகரத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவும் பகலும் முறைபோட்டுப் பணியாற்ற முன்வந்தார். சின்சின்னாட்டி பல்கலைக்கழகம் 1970இல் இத்துறைக்கென முதல் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1979இல்தான் அமெரிக்க மருத்துவ உலகம் இதைத் தனித்துறையாக ஏற்றுக்கொண்டது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் 1984இல் ஏற்றது. இந்தியாவிலோ, அவசர மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்புக்கு 2009இல்தான் மருத்துவக் கழகம் இசைவளித்தது.

மலேசியாவில் இதற்கு வழிகாட்டியது தலைநகரம் அன்று. வடகிழக்குக் கோடியில், கிளந்தான் மாநிலத்துக் குபாங் கெரியானில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகமே 1998இல் அவசர மருத்துவத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கிற்று. அதில் தேறிய முதல் அணி 2002இல் வெளிவந்தது. மலாயாப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் பின்தொடர்ந்தன. ஆகவே, ஜொகூர் பாருவில் 1941ஆம் ஆண்டுக் கட்டடத்துக்கும், அதன் வாசலில் நிற்பதற்கென்றே உள்நாட்டில் பயின்ற முதல் வல்லுநர்களுக்கும் இடையே அறுபது ஆண்டுகள்! பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று நம் பெரியவர்கள் கேட்டுப் பழகியது இந்த அறுபது ஆண்டுகளில்தான்.

எத்தனை ஆண்டுப் படிப்பு?

மேனிலைப் பள்ளியை முடித்த மாணவர் முதலில் மருத்துவப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் படிக்க வேண்டும். இந்தப் படிப்பை ஜொகூரிலேயே முடிக்கும் வாய்ப்பும் இந்நூற்றாண்டில் வந்தது. இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகம் இஸ்கந்தர் புத்ரியில் மருத்துவ வளாகம் அமைத்தது. மொனாஷ் பல்கலைக்கழகம் சுல்தானா அமினா மருத்துவமனையைச் சார்ந்து தன் மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்திற்று. மணிப்பால் போன்ற இந்தியக் கல்லூரிகளுக்குச் சென்று படித்துத் திரும்பிய நம்மவரும் மிகப் பலர்.

பட்டம் கையில் வந்தவுடன் தனித்துச் சிகிச்சை செய்யும் உரிமை வந்துவிடாது. மலேசிய மருத்துவ மன்றத்தில் தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்டு, அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி டாக்டராக இருக்க வேண்டும். ஓராண்டாக இருந்த இந்தப் பயிற்சி 2008 முதல் ஈராண்டாயிற்று. நான்கு நான்கு மாதமாகப் பொது மருத்துவம், அறுவை, எலும்பு, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்று சுற்றிவர வேண்டும். அச்சுற்றில் ஆறாவதாக அவசரச் சிகிச்சையோ மயக்க மருந்துத் துறையோ இடம்பெற்றதும் இந்த மாற்றத்தின் பயன். பழைய நாளில் பயிற்சி இல்லாமலே கேசுவல்ட்டியில் தள்ளப்பட்டவர்களின் நிலையை எண்ணினால், இந்த நான்கு மாதத்தின் அருமை விளங்கும்.

பயிற்சி முடிந்தபின் முழுப் பதிவும், மருத்துவ அதிகாரி என்ற பதவியும் கிட்டும். இந்த நிலையில் சில ஆண்டுகள் பணி செய்தவரே முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. முதுகலை நான்கு ஆண்டுகள். இதைப் படிப்பு என்று சொல்வதைவிட, சம்பளத்தோடு கூடிய கடுந்தவம் என்று சொல்லலாம். பகலிரவு முறைகளில் அவசரப் பிரிவில் வேலை. இடையிடையே மயக்க மருந்துத் துறையில் மூச்சுக்குழாய் பொருத்தக் கற்க வேண்டும். தீவிரக் கண்காணிப்புப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியோடு பழக வேண்டும். இருதயம், எலும்பு, குழந்தை, மகப்பேறு என்று ஒவ்வொரு துறையின் கதவையும் தட்டி அதன் அவசரங்களை மட்டும் திரட்டிக்கொண்டு வரவேண்டும். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுத வேண்டும். இங்கிலாந்து ராயல் கல்லூரியின் தேர்வுகளை எழுதி வல்லுநராகும் மாற்று வழியும் இருக்கிறது. சுமை அதிலும் குறைவன்று. தேறியபின் மூத்தவர்களின் மேற்பார்வையில் சில மாதம் பணியாற்றிய பிறகே வல்லுநர் என்று அரசிதழில் பெயர் ஏறும். தேசிய வல்லுநர் பதிவேட்டிலும் பெயர் இடம்பெற வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் பள்ளியை விட்டபின் பதின்மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது. வல்லுநராக முதன்முதலில் அவர் வாசலில் நிற்கும்போது முப்பது வயதைத் தாண்டியிருப்பார். 'சின்ன டாக்டர்' என்று நாம் எண்ணியவர், வார்டில் இருக்கும் இருதய நிபுணரை ஒத்த காலம் உழைத்து வந்தவர்.

அவர் கற்பது என்ன?

ஆண்டுக் கணக்கை விட முக்கியமானது சிந்தனை முறை. மற்ற டாக்டர் வரலாற்றைக் கேட்கிறார், சோதிக்கிறார், நோயைப் பெயரிடுகிறார், பிறகு மருந்து கொடுக்கிறார். அவசரச் சிகிச்சை வல்லுநர் இந்த வரிசையைத் தலைகீழாக்கப் பயில்கிறார். பெயர் பின்னால் வரட்டும். இப்போது இவர் உயிரை எது பறிக்கப் போகிறது என்பதே முதற் கேள்வி. மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா? காற்று உள்ளே போய் வருகிறதா? இரத்தம் ஓடுகிறதா? இந்த வரிசையை அவர் மாற்றமாட்டார். கால் எலும்பு முறிந்து கோரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். உறவினர் கண்ணெல்லாம் அதில் இருக்கும். டாக்டரோ முகத்தருகே குனிந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பார். காலை விட்டுவிட்டாரே என்று கோபிக்க வேண்டாம். முறிந்த கால் ஒரு மணி நேரம் பொறுக்கும். அடைபட்ட மூச்சு சில நிமிடங்கள் கூடப் பொறுக்காது.

இந்த ஒழுங்கு உலகமெங்கும் ஒரே மாதிரி கற்பிக்கப்படுவதற்கு ஒரு சோக நிகழ்ச்சி காரணம். ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1976 பிப்ரவரியில் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயல்வெளியில் விழுந்து நொறுங்கிற்று. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு குழந்தைகளுள் மூவருக்குக் கடுங்காயம். வழியே வந்த காரை நிறுத்திப் பக்கத்துச் சிற்றூர் மருத்துவமனைக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. திறந்தபின்னும், இத்தகைய காயங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்ற பயிற்சி அங்கிருந்தவர்களுக்கு இல்லை. அங்கே குறை ஆளிடம் இல்லை, கற்பித்த முறையில் இருந்தது என்று ஸ்டைனர் முடிவு செய்தார். அவரும் தோழர்களும் 1978இல் தொடங்கிய சிறு பயிற்சி வகுப்பே இன்று உலகெங்கும் விபத்துச் சிகிச்சையின் அடிப்படைப் பாடம். மலேசிய டாக்டர்களும் அதையே பயில்கிறார்கள்.

அறிவு சில வேளைகளில் வழக்கத்துக்கு எதிராகப் போகச் சொல்லும். இதற்குத் தோட்டப்புறமே சாட்சி. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அதற்கு மாற்று மருந்து இல்லை. அந்த நஞ்சு உட்சென்றவருக்கு, மூச்சுத் திணறுகிறதே என்று பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தால் நுரையீரல் இன்னும் விரைவாகக் கெடும். எல்லா நோயாளிக்கும் முதலில் நீளும் பிராணவாயுக் குழாயை இவருக்கு மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். இரத்தத்தில் பிராணவாயு ஆபத்தான அளவுக்குக் குறைந்தாலன்றிக் கொடுக்கலாகாது. உறவினர் கண்ணுக்கு இது கொடுமை, அறிவுக்கோ இதுவே கருணை. மலேசிய அரசு 2002இல் இந்த மருந்துக்குத் தடை விதித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் நாளில் முற்றாகத் தடை செய்தது. இந்த இழுபறியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

இன்னொன்று, மார்பில் அடிபட்டு வருகிறவர். நுரையீரலிலிருந்து கசியும் காற்று நெஞ்சுக் கூட்டுக்குள் அடைபட்டு இருதயத்தையே நெருக்கும் நிலை ஒன்று உண்டு. எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தால் நோயாளி எக்ஸ்ரே மேசையிலேயே இறந்துவிடக் கூடும். கண்ணாலும் காதாலும் அறிந்து, ஊசியையோ குழாயையோ நெஞ்சில் செலுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். படம் பார்த்துச் செய்கிற அறுவைக்கும், படம் இல்லாமல் செய்கிற இந்தக் காரியத்துக்கும் தேவையான துணிச்சல் வேறு வேறு. துணிச்சல் என்று சொன்னாலும், அது நூறு முறை பொம்மையின் மேலும் பெரியவர் பக்கத்தில் நின்றும் பழகி வந்த துணிச்சல்.

நெஞ்சுவலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் நெஞ்சில் எது வந்தாலும் 'காற்று' என்று ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். ஓமத் தண்ணீர் குடித்து, தைலம் தேய்த்து, விடியட்டும் என்று படுத்துவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இருதயம் அடைபடும்போது வலியே இல்லாமல் வியர்வை, களைப்பு, குமட்டல் என்று வேறு வேடத்தில் வரலாம். அவசரப் பிரிவில் இப்படி ஒருவர் வந்தால் பத்து நிமிடத்துக்குள் இருதய மின்வரைபடம் எடுக்க வேண்டும் என்பது விதி. அடைப்பு என்று தெரிந்தால், அதைக் கரைக்கும் மருந்தை வந்த முப்பது நிமிடத்துக்குள் கொடுத்துவிட முயல்வார்கள். இருதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் இறந்துகொண்டிருப்பதால் இந்த வேகம். வீட்டில் ஓமத் தண்ணீரோடு கழிந்த நான்கு மணி நேரத்தை எந்த வல்லுநராலும் திருப்பித் தர முடியாது. தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவர் அங்கே இருந்தால், "நெஞ்சைப் பிசையுது", "நெஞ்சு கரிக்குது" என்று பாட்டி சொல்வதில் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வார் என்பது வேறு செய்தி.

பெயர் தெரியாத நஞ்சு: பாசீர் கூடாங், 2019

பெயர் தெரியுமுன் சிகிச்சை என்ற இக்கல்விக்கு ஜொகூரில் ஒரு பெரிய சோதனை வந்தது. 2019 மார்ச் 7ஆம் நாள், பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றங்கரையை ஒட்டிய பள்ளிகளில் மாணவர்கள் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, மயங்கத் தொடங்கினார்கள். இரசாயனக் கழிவை யாரோ ஆற்றில் கொட்டியிருந்தார்கள். சில நாளில் இரண்டாவது அலை வந்தது. வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஏறத்தாழ 6,000 பேர் பாதிக்கப்பட்டனர். 2,775 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பண்டானில் 2004இல் திறக்கப்பட்ட சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை பெருஞ்சுமையைத் தாங்கிற்று. பாசீர் கூடாங் உள்ளரங்க விளையாட்டு மண்டபமே மருத்துவக் கூடமாக மாறிற்று.

காற்றில் இருந்தது என்ன? பின்னால் ஆராய்ந்தபோது பென்சீன், டொலுவீன், அக்ரிலோநைட்ரைல் என்று ஒன்றல்ல, பல வாயுக்களின் பெயர்கள் வந்தன. ஆனால் பிள்ளைகள் வந்து இறங்கிய நேரத்தில் எந்தப் பெயரும் இல்லை. உறுப்புவாரியாகக் கற்ற எந்தத் துறைக்கும் அந்த நேரத்தில் சொல்ல விடையில்லை. அவசரச் சிகிச்சை நெறிக்கோ விடை உண்டு. நஞ்சு பட்டவரின் உடையைக் களைந்து, உடம்பைக் கழுவி, அதன்பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். இல்லையேல் பார்க்கிறவரும் படுக்கையில் விழுவார். பாசீர் கூடாங்கில் உதவச் சென்றவர்களுள் சிலரும் பாதிக்கப்பட்டனர் என்பது இதற்குச் சான்று. பிறகு தரம் பிரிக்க வேண்டும். அழுகிற பிள்ளையைக் கண்டு பதறத் தேவையில்லை. அழ மூச்சு இருக்கிறது. சத்தமின்றி ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளையிடம் முதலில் ஓட வேண்டும். தோட்டத்து டிரெசர் லாரியடியில் நின்று கொடுத்த தீர்ப்பு இங்கே ஆயிரக்கணக்கில் கொடுக்கப்பட்டது.

இவ்வகைச் சோதனை ஜொகூருக்கு ஒன்றிரண்டு அல்ல. 2016 அக்டோபர் 25ஆம் நாள் சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிரக் கண்காணிப்புப் பிரிவிலேயே தீப்பிடித்து நோயாளிகள் அறுவர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மூவாரை அடுத்த பாகோவில், ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சென்ற பஸ் நெடுஞ்சாலையை விட்டுச் சரிந்து 14 பேர் இறந்தனர்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

அவசரப் பிரிவுகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பிரித்து அனுப்புவதை அங்கே சென்றவர்கள் கண்டிருப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவருக்குச் சிவப்பு. சற்றுப் பொறுக்கலாம் என்பவருக்கு மஞ்சள். நடந்து வந்து நடந்து போகக் கூடியவருக்குப் பச்சை. பச்சையில் மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் எரிச்சல் கொள்வது இயல்பே. முன்னால் வந்தது நாங்கள், பின்னால் வந்தவர் முதலில் போகிறாரே என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. மருத்துவ மொழியில் பார்த்தால், காத்திருக்கச் சொல்லப்படுவது ஒரு நற்செய்தி. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏன் காத்திருக்கிறோம் என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒருவர் வந்து சொன்னால், அந்தச் சண்டைகளில் பாதி நடக்காது. இருக்கிற ஆள்களில் அதற்கு நேரம் உள்ளவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த டாக்டருக்கென ஒரு தனித் துயரமும் உண்டு. நின்றுபோன இருதயத்தை இயக்கி, வார்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த நோயாளி பிழைத்து எழுந்து வீடு திரும்புவதை அவர் பெரும்பாலும் காண்பதில்லை. நன்றி சொல்ல வரும் குடும்பம் வார்டு டாக்டரைத் தேடிப் போகும். இறந்தவரின் குடும்பத்துக்குச் செய்தி சொல்லும் கடமை மட்டும் தவறாமல் இவரைத் தேடி வரும். அதையும் பாடமாகக் கற்பிக்கிறார்கள்: உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், சுற்றி வளைக்காமல் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும், சொன்னபின் எழுந்து ஓடக் கூடாது.

இத்துறையைத் தம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2016 டிசம்பர் முதல் மலேசிய அரசு, புதிய பயிற்சி டாக்டர்களை நிரந்தரப் பதவியில் அமர்த்தாமல் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கிற்று. நிரந்தரம் இல்லாதவருக்கு முதுகலைப் படிப்பு எட்டாக் கனியாக இருந்தது பெருங்குறை. பெருந்தொற்றின் உச்சத்தில், 2021 ஜூலை 26ஆம் நாள், ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுதும் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து தம் குறையை வெளிப்படுத்தினார்கள். அதன்பின் சலுகைகள் சில வந்தன. இருப்பினும், பதின்மூன்று ஆண்டு உழைக்கத் துணிகிற ஒருவருக்கு, அடுத்த மூன்றாம் ஆண்டு தமக்கு வேலை உண்டா என்ற ஐயம் இருக்குமானால், அவர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூருக்குப் போவதைக் குறை கூறுவது எப்படி? ஜொகூர் பாருவிலிருந்து அந்நாட்டுக்குப் பாலத்தின் தூரந்தான்.

வாசலுக்கு வெளியே

அவசரப் பிரிவு வாசலில் தொடங்குவதில்லை. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி வீட்டுத் தொலைபேசி. மலேசியாவில் 2007 முதல் தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் அனைத்துக்கும் 999 என்ற ஒரே எண்ணைக் கொண்டுவந்தார்கள். அழைத்தவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்களே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். தரம் பிரித்தல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வண்டியில் வருகிறவர் பெரும்பாலும் உதவி மருத்துவ அதிகாரி. பழைய டிரெசர், ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட் மரபின் இன்றைய வாரிசு. 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அத்தொழிலுக்குப் பதிவும் ஒழுங்கும் வகுத்திருக்கிறது. விழுந்தவருக்கு மூச்சு இல்லையென்றால், வண்டி வரும் வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தொலைபேசியில் இருப்பவரே அதைச் சொல்லிக் கொடுப்பார்.

ஜொகூர் பாருவில் இருப்பவருக்கு இரண்டு பெரிய மருத்துவமனைகள் பக்கத்தில். மூவாரிலும் பத்து பகாட்டிலும் சிகாமட்டிலும் குளுவாங்கிலும் வல்லுநர் மருத்துவமனைகள் உள்ளன. கிழக்குக் கரையில் மெர்சிங்கில் இருப்பவரின் நிலை வேறு. ஜொகூர் பாரு அங்கிருந்து 130 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது; சாலையில் எண்ணெய்ப்பனை லாரிகள் வேறு. அத்தகைய ஊர்களின் சிறு மருத்துவமனையில் இன்றும் முதலில் பார்ப்பவர் இளம் மருத்துவ அதிகாரியும் உதவி மருத்துவ அதிகாரியுமே. ஆனால் அவர்கள் தனியாக இல்லை. நோயாளியின் மின்வரைபடம் கைத்தொலைபேசியில் படமாகப் பறக்கிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை அங்கேயே போடு, பிறகு வண்டியில் ஏற்று என்று மறுமுனையில் இருக்கும் வல்லுநர் சொல்கிறார். பாம்பு கடித்தவர் வந்தால் கடித்த பாம்பின் படத்தையும், வீங்கிய காலின் படத்தையும் அனுப்பி, எந்த நச்சுமுறி மருந்து, எத்தனை குப்பி என்று கேட்டு அறிகிறார்கள். இத்தகைய ஆலோசனைக்கென்றே அவசரச் சிகிச்சை வல்லுநர்களின் குழு ஒன்று நாடு முழுமைக்கும் இயங்குகிறது. கடித்த இடத்தைக் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம், காலை அசைக்காமல் கிடத்தி விரைவாகக் கொண்டுவாருங்கள் என்பது அவர்கள் தோட்டந்தோறும் சொல்லிவரும் செய்தி.